டவுன் போர்டு சுவருக்கு நாங்கள் அடித்த சாயம்

18 நவம்பர் 2024

யோங் பெங் டவுனுக்குப் போய் என் பள்ளி வேனுக்கு பிரேக் மாற்றிக்கொண்டு வந்தேன். சர்க்கரை: இன்று பார்க்கவில்லை. டாக்டர் இந்த நோட்டை வாங்கச் சொன்னதே தினமும் சர்க்கரை அளவை எழுதத்தான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பிடும்போது மகள் ஆட்ரி ஒரு சேதி சொன்னாள். கடைத்தெரு முனையில் பூட்டிக் கிடக்கிற பழைய டவுன் போர்டு கட்டடத்தைப் பழுதுபார்க்க அரசாங்க மானியம் கேட்டு, மாவட்ட மன்றத்தின் சார்பில் அவள்தான் எழுதியிருந்தாளாம். முதல் சுற்றில் தேறிவிட்டது. ஜனவரியில் கோலாலம்பூரிலிருந்து ஒரு குழு நேரில் பார்க்க வருகிறது. மன்றத்தில் உதவிக் கட்டடக் கலைஞராகச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கோலாலம்பூர் இவளைப் பார்க்க வருகிறது. அப்பன் எஸ்.பி.எம். பரீட்சையில் கணக்கில் தேறாதவன்.

"மானியம் கெடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

"ஒடைச்சிருவாங்கப்பா. கார் பார்க்கு. மன்றத் தலைவர் இந்த ஒரு தடவைதான் டைம் குடுத்திருக்காரு."

கார் பார்க் என்றதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுவும் நல்லதுதானேம்மா? வேன் நிறுத்த எடமில்லாம தெனம் ஊரச் சுத்துறேன்."

வினிஃப்ரெட் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வருகிற எச்சரிக்கையெல்லாம் தாமதமாகத்தான் வருகிறது.

21 நவம்பர்

மாலையில் ஆட்ரி என்னை அந்தக் கட்டடத்துக்கு அழைத்துப்போனாள். தண்டனை என்றுதான் நினைத்தேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். முன்னால் வளைவுகள், மேலே பலகைச் சன்னல்கள், உள்ளே நீளமான மரக் கவுண்டர். சைக்கிளுக்கு நம்பர் தகடு, நாய்க்கு லைசென்ஸ், பலகாரம் விற்க அனுமதி எல்லாம் ஒரு காலத்தில் இங்கேதான் வாங்கினார்கள். கூரையில் ஓட்டை. மாடிப் படியில் புறா.

"இத சரி பண்ணி என்ன பண்ணப் போறீங்க?"

"வீட்டு வரி கவுண்டர் திரும்ப இங்க வரும்பா. புது ஆபீஸ் ஊருக்கு வெளிய இருக்கு. ஃப்ளாட்ல இருக்கற ராசம்மா ஆண்ட்டி வரி கட்டப் போகவர கிராப் டாக்சிக்கே எவ்ளோ குடுக்குறாங்க, கேட்டுப் பாருங்க. மேல ஒரு சின்ன லைப்ரரி. ஜனங்க வரியில கட்டுனது, ஜனங்களுக்கே திரும்பி வரட்டும்."

பிறகு என் உள்ளங்கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. சுண்ணாம்பு, சிமெண்ட் இல்லை, ஈரத்தை உள்ளே இழுக்கும், வெளியே விடும், சுவர் மூச்சு விடுகிறது என்று என்னவோ விளக்கினாள். நான் தலையை ஆட்டினேன். வேனை மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருந்தேன், கண்ணெல்லாம் அங்கே. தலை ஆடினால் காது வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை.

14 டிசம்பர்

கிறிஸ்மஸ் சாயம். எங்கள் தாமான் குடியிருப்பில் வழக்கம்போல எல்லோரும் சேர்ந்து ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு என்று அடித்துக்கொண்டே போகிறோம். கோயிலுக்குப் போகிறவன், மசூதிக்குப் போகிறவன் எல்லாருக்கும் இதில் ஒரு தூரிகை உண்டு. தீபாவளிக்கு நாங்கள் போவோம், ஹரி ராயா பெருநாளுக்கும் போவோம். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும். மீந்த சாயமெல்லாம் பக்கத்து வீட்டு மணியத்தின் ஸ்டோரில் சேர்கிறது. அவர் எதையும் வீணாக்க மாட்டார்.

1 ஜனவரி 2025

இன்று முதல் எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி போய் சனி, ஞாயிறு. ஞாயிறு காலைப் பூசைக்குப் போகாமலிருக்க வேலையைச் சாக்குச் சொன்னவர்களில் நானும் ஒருவன். சாக்கு போய்விட்டது.

3 ஜனவரி

ஆட்ரி ஜொகூர் பாருவில் ஏதோ பயிற்சி என்று கிளம்பினாள். ஞாயிறு மாலை வருவாள். குழு வருவது செவ்வாய்க்கிழமை.

கோப்பிக் கடையில் மணியம் ஆரம்பித்தார். "ஏண்ணே, கோலாலம்பூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க, நம்ம கட்டடம் மூஞ்சி கழுவாம நிக்குது. ஒங்க மகதானே கூப்பிட்டிருக்கு? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம்தானே? ஒரு மானியம் கேட்கிற இடம் இப்படியா இருப்பது?

ஞாயிறு எல்லாருக்கும் லீவு. ஸ்டோரில் சாயம் இருக்கிறது. இரும்புக்கடை முதலாளி லிம் தவுக்கேயிடம் கேட்டதும் இரண்டு பெரிய டப்பா கொண்டுவந்து வைத்தார். கவுன்சிலர் போனில், "நல்ல காரியம், எனக்குப் படம் அனுப்புங்க" என்றார். ஆட்ரிக்குச் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும்.

5 ஜனவரி

என்ன ஒரு நாள்!

பூசை முடிந்து நேராகப் போனோம். சின்னப் பள்ளிவாசலான சூராவிலிருந்து இமாம் தன் ஆட்களோடும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடும் வந்துவிட்டார். லிம் தவுக்கே ஏணி கொடுத்தார், ஏணியோடு மகனையும் கொடுத்தார். ஊரே கூடிச் செய்கிற கோத்தோங் ரோயோங் இவ்வளவு பெரிதாக எங்கள் ஊரில் வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததில்லை.

மீந்த வெள்ளை, மீந்த கிரீம், எதிர்வீட்டு மூர்த்தியின் பூசையறைச் சந்தன நிறம் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலக்கினோம். வந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. சுவரைக் கழுவிவிட்டு அடிக்கலாம் என்று மணியம் சொன்னார். "நீங்க கழுவிக்கிட்டே இருங்க, நாங்க அடிச்சி முடிச்சிட்டு சாப்பிடப் போறோம்" என்று கிண்டல் பண்ணினோம். அவர் கேட்கவில்லை. இடது மூலையைத் தனியாக எடுத்துக்கொண்டு, கழுவி, உலரவிட்டு, அடிச்சாயம் பூசி, அதற்குமேல் இரண்டு தடவை அடித்தார். நாங்கள் மற்ற முகப்பு முழுவதையும் தூசியோடு தூசியாக அடித்து முடித்தோம்.

மாலை வெயிலில் கட்டடம் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. நான் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். என் மகளுக்கு என்னால் எந்தப் பாடமும் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை. இதையாவது செய்தேனே என்று இருந்தது.

அதே நாள், பிறகு

ஆட்ரி வந்துட்டா. பஸ்ஸ விட்டு எறங்கினவள நேரா அங்கதான் கூட்டிட்டுப் போனேன். கண்ண மூடச் சொன்னேன். அட முட்டாப்பயலே, கண்ண மூடச் சொன்னேன்!

கண்ணத் தெறந்தா. கிட்டப் போயி தொட்டுப் பாத்தா.

"என்ன சாயம்பா?"

"வெதர் ப்ரூஃப்! மழ தண்ணி உள்ள போகாது, ஏழு வருஷம் கேரண்டி."

அப்படியே நடைபாதை விளிம்புல உக்காந்துட்டா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்புறம்தான் சொன்னா. மானியம் கெடைக்கறதுக்கு முன்னாடி யாரும் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதாம். வேல தொடங்கின கட்டடத்துக்குப் பணம் கெடையாது, அதுதான் முதல் விதி. அதோட, சுண்ணாம்புச் சுவருக்கு இந்தச் சாயம் பிளாஸ்டிக் பையால மூஞ்ச மூடுற மாதிரியாம். ஈரம் உள்ளயே தங்கி பூச்சு பொரிஞ்சி விழுமாம்.

"நவம்பர்ல சொன்னேனேப்பா. கைய வச்சி காட்டினேனே."

சொன்னா. சொன்னா. நான் வேனப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

6 ஜனவரி

அவள் அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் வழி சொன்னாராம்: போன வருடமே அடித்த சாயம் என்று குழுவிடம் சொல்லிவிடு, யாருக்குத் தெரியும்?

ஆட்ரி குழுவுக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். நடந்ததெல்லாம் இருந்தது. எந்தச் சாயம், எந்தச் சுவர், எந்த நாள். "இப்பணியை முன்னின்று நடத்தியவர் என் தந்தை, பள்ளி வேன் ஓட்டுநர் திரு. மரியநாதன்" என்று என் பெயரும் இருந்தது. போலீஸ் சம்மனைத் தவிர அரசாங்கக் காகிதம் எதிலும் என் பெயர் வந்ததில்லை.

"பேரப் போடாம, பொதுமக்கள்னு போட்டா என்னம்மா?"

"எங்க அப்பான்னு அவங்களுக்கு அப்புறம் தெரிய வந்தா, நான் மறைச்சேன்னு ஆயிரும்பா."

அனுப்பிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் கொஞ்ச நேரம் வேனைக் கழுவினேன்.

7 ஜனவரி

குழு வந்தது. தலைவி ரோஸ்னா, மரியாதைக்குப் புவான் ரோஸ்னா; குள்ளமான அம்மா, நடை மட்டும் வேகம். முகப்பைப் பார்த்ததும் நின்றார். மலாயில் கேட்டார், "யார் அடித்தது?"

நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் மணியமும் தூக்கினார். திரும்பிப் பார்த்தால் லிம் தவுக்கே, இமாம், இன்னும் பின்னால் ஒரு வரிசையே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டிசிப்ளின் டீச்சரிடம் பிடிபட்ட வகுப்பு மாதிரி.

"ஏன்?"

"வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாயம் அடிப்போம், புவான்," என்றேன்.

அவருடன் வந்த இளைஞர் சிரிப்பை அடக்க இருமினார். புவான் ரோஸ்னா சிரிக்கவில்லை. ஆட்ரியிடம் திரும்பினார்.

"மின்னஞ்சலில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறீர்களே."

"அவர்தான் அடித்தார், புவான்."

அவ்வளவுதான். குரல் ஆடவில்லை. என் மகள் கோலாலம்பூர் அதிகாரிகளுக்கு நடுவில் நின்று என்னைக் காட்டிக்கொடுக்கிறாள், எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இது என்ன ஜென்மமோ.

புவான் ரோஸ்னா வளைவுக்குக் கீழே நகத்தால் மெல்லச் சுரண்டினார். சாயம் ஒரு துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதை உறையில் போட்டுக்கொண்டார். விதி விதிதான், இந்தச் சுற்றில் முடியாது என்றார். ஜூனில் இன்னொரு சுற்று இருக்கிறது. அதற்குள் சுவர் பழையபடி ஆகியிருந்தால் புதிதாக எழுதலாம். எப்படிச் சாயத்தை எடுப்பது என்று ஆட்ரிக்கு எழுதி அனுப்புவதாகவும் சொன்னார்.

9 ஜனவரி

ஆட்ரி மன்றத் தலைவரைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். ஜூன் வரை உடைக்க மாட்டார்கள். ஆனால் சாயத்தை எடுக்க மன்றத்திலிருந்து ஆளும் வராது, பணமும் வராது. அடித்தவர்களே எடுக்கட்டும் என்றாராம். நியாயம்தானே.

12 ஜனவரி

மறுபடியும் ஞாயிறு, மறுபடியும் அதே கும்பல். இந்த முறை பாட்டு இல்லை, நாசி லெமாக் மட்டும்.

ஆட்ரி சட்டம் போட்டாள். கம்பித் தூரிகை கூடாது. கார் கழுவும் மெஷின் கூடாது (ஒருவர் கொண்டுவந்திருந்தார், திருப்பி அனுப்பினாள்). ஆவி காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் மெல்ல நெம்ப வேண்டும். துணிச் சுருக்கம் எடுக்க ஆவி விடுகிற கருவியை வினிஃப்ரெட்டிடமிருந்து கடன் வாங்கினேன். "பட்டுப் பொடவைக்கு வாங்கினத செவுத்துக்குக் காட்டப் போறீங்களா? குடுத்தே தொலைங்க!" என்றாள். எடுத்தே தொலைங்க என்று சொல்ல வந்தாள், ஆத்திரத்தில் மாறிவிட்டது.

பயந்துகொண்டே ஆரம்பித்தோம். ஆவி பட்டதும் பால் ஆடை மாதிரி சாயம் சுருண்டு பட்டை பட்டையாக வருகிறது! கீழே பழைய சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது. ஆட்ரிக்கே ஆச்சரியம். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "நீங்க செவுத்த கழுவவே இல்லியா? சாயம் செவுத்துல ஒட்டல, தூசியிலதான் ஒட்டியிருக்கு."

ஐம்பத்தேழு வருடமாக என் சோம்பலுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. இன்றும் யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

மணியத்தின் மூலை மட்டும் அசையவில்லை.

9 பிப்ரவரி

வளைவுகள் முடிந்தன. வலது பக்கம் பாதி. அடிப்பதற்கு அரை நாள், எடுப்பதற்கு வாழ்நாள் போலிருக்கிறது.

2 மார்ச்

நோன்பு தொடங்கிவிட்டது. வெயில் ஏறும் முன் இமாமின் ஆட்கள் வந்து கொஞ்சம் வேலை செய்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆவியில் நிற்கிறார்கள். நாங்களும் அவர்கள் முன்னால் சாப்பிடுவதில்லை. அதாவது, நான் வேனுக்குள் போய்ச் சாப்பிட்டேன்.

23 மார்ச்

மணியம் வார நாட்களிலும் தனியாக வந்து தன் மூலையோடு மல்லுக்கட்டுகிறார். இன்று தகட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"வாழ்க்கையில ஒரே ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சேண்ணே. அதுவே தப்பாப் போச்சு. நீங்கல்லாம் கண்டபடி அடிச்சீங்க, ஒங்களுக்கு ஒன்னும் இல்ல."

சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. மனிதர் கண் கலங்கியிருந்தது. இரண்டரை மாதமாகக் கிண்டல் பண்ணியது போதும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்ரியும் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், இந்த எடத்துல கொஞ்சம் சுண்ணாம்பும் சேந்துதான் வரும். பரவால்ல. நான் அத அப்படியே எழுதிர்றேன்."

"எழுதினா காசு குடுக்க மாட்டாங்களேம்மா?"

"எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது, அங்கிள்."

மணியம் மூக்கைச் சிந்திக்கொண்டு தகட்டை எடுத்தார். "அலமாக், ஒங்க மக ரொம்ப மோசம்ணே," என்றார். நான், ஆமாம் என்றேன். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

20 ஏப்ரல்

ஈஸ்டர். நேற்றோடு சாயத்தை எடுத்து முடித்தோம். கட்டடம் முன்பு இருந்த மாதிரியே அழுக்காக நிற்கிறது. இவ்வளவு பாடுபட்டு ஒன்றை அழுக்காக்கியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆனால் இப்போது அந்த அழுக்கைப் பார்க்கத் தெரிகிறது. எங்கே தண்ணீர் இறங்குகிறது, எங்கே கொத்தனார் கட்டை விரல் பட்டிருக்கிறது, எல்லாம். வண்டியில் போகும்போது கழுத்து தானாகத் திரும்புகிறது. கார் பார்க் கேட்டவன் நான்தான்.

17 ஜூன்

குழு மறுபடி வந்தது. ஆட்ரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நீங்க எறங்கக் கூடாது. வேன்லயே இருங்கப்பா." எதிர்ப்பக்கம் ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஊமைப் படம்தான்.

புவான் ரோஸ்னா மணியத்தின் மூலையில் நெடுநேரம் நின்றார். ஆட்ரி கையை நீட்டி எங்கே எவ்வளவு போய்விட்டது என்று காட்டிக்கொண்டிருந்தாள். மறைத்து நிற்கவில்லை. அட, அந்தப் பக்கம் காட்டேம்மா, வளைவு நல்லா இருக்கே, அங்க கூட்டிட்டுப் போயேன்! வேன் கண்ணாடியோடு பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசியில் புவான் ரோஸ்னா சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

18 ஜூன்

ஒன்றும் தெரியாது. சர்க்கரை: 9.8, அதிகம்தான். கவலையிலும் ஏறுமாம். கவலையோடு மூன்று கோப்பியும் குடித்தேன் என்பதை டாக்டரிடம் சொல்லத் தேவையில்லை.

29 ஜூலை

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்குக் காத்திருந்தேன். ஆட்ரி போன்.

"கெடைச்சிருச்சுப்பா."

கேட்டது முழுவதும் இல்லை. கூரை, முகப்பு, முன் கூடம், கவுண்டர், மாடிப்படி. பின்கட்டுக்கு அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டும். உடைப்பது ரத்து, தலைவரே கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

"மணியம் அங்கிள் மூலைக்கும் சேத்துக் குடுத்திருக்காங்க. அவர்ட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ப்பா... தேங்ஸ்."

எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் பட்டியலில் ஜனவரி ஐந்தாம் தேதியும் வந்துவிடும். போனை வைத்ததும் கை தானாக ஹார்னை அழுத்திவிட்டது. விட முடியவில்லை. பள்ளிக்கூடக் காவலாளி ஓடிவந்து, "வோய், என்னா ஆச்சு?" என்றார். "எங்க ஊர் டவுன் போர்டு நிக்கப் போவுது!" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்காரச் சொன்னார்.

மணியத்திடம் சொன்னபோது அவர் தன் வீட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை நிறுத்தாமலே நின்றார். தெருவெல்லாம் வெள்ளம்.

21 செப்டம்பர்

தகரத் தடுப்பு போட்டுவிட்டார்கள். ஊர் மக்களின் பணத்தில் நடக்கும் வேலை என்று பெரிய பலகை. அதற்குக் கீழே மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் ஒரு வரி: அனுமதியின்றி எவரும் சுவரில் எதையும் பூசக் கூடாது. வேறு எந்த ஊர்ப் பலகையிலும் இந்த வரி இருக்காது. நாங்கள் எல்லோரும் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

16 அக்டோபர்

இன்று சுண்ணாம்பு பூசத் தொடங்கினார்கள். ஆட்ரி சொல்லாமலே எனக்குத் தெரியும், ஏனென்றால் மதியம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாக வரும்போது சாரத்தில் ஆட்கள் நின்றார்கள், ஈரச் சுவர் வெயிலில் மங்கலாகத் தெரிந்தது.

சுண்ணாம்பு மூட்டை இறக்கிய லாரி தடுப்பு வாசலிலிருந்து பின்பக்கமாக நகர்ந்து தெருவுக்கு வந்தது. வெள்ளைத் தொப்பியும் மஞ்சள் மேலுடுப்புமாக ஒருத்தி நடுத்தெருவுக்கு வந்து என் வேனுக்கு நேராகக் கையைத் தூக்கினாள். ஆட்ரி. என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை. எல்லா வண்டியையும் நிறுத்துகிற மாதிரி என்னையும் நிறுத்தினாள். அவள் கண் லாரியின் பின் சக்கரத்தில் இருந்தது.

பின்னால் பிள்ளைகள் அவசரப்பட்டார்கள். வாசுகி என்கிற சின்னது என் சீட்டைப் பிடித்து ஆட்டியது.

"அங்கிள், போங்க அங்கிள். கேப் இருக்கு, போயிரலாம்."

"போக முடியாது."

"ஏன்? அவங்க போலீசா?"

"அதுக்கு மேல. அவங்க கைய எறக்குனாதான் போலாம்."

எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.